அத்தை கட்டிய மூன்று சக்கர வண்டி

நம் வயதில் மூட்டுவலியைப் பற்றிப் பேச யாருக்கும் வெட்கமில்லை. சர்க்கரை, கண்புரை, மருமகள் என்று எல்லாவற்றையும் பேசித் தீர்க்கிறோம். பொறாமையை மட்டும் யாரும் எடுப்பதில்லை. சின்ன வயதில் வந்து இறங்கிப் போன அம்மை அது என்பது போல இருந்துவிடுகிறோம். எனக்கு அது பத்து வயதில் வந்தது. ஐந்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த கோடை விடுமுறை. சித்திரையில் ஆரம்பித்து வைகாசியில் உச்சத்துக்குப் போனது.

அப்போது நாங்கள் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் இருந்தோம். வாசலைத் தாண்டினால் தறி. அப்பா காலையில் தறிக்குழியில் காலை இறக்கி உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பார். அம்மாவுக்கு அடுப்பும் தண்ணீர்க் குடமும். அப்பாவின் தங்கை, என் அத்தை, சுவரோரம் ராட்டையை வைத்துக்கொண்டு, தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற சின்னக் குழல்களில் பட்டு இழையைச் சுற்றிக் கொடுத்துக்கொண்டே இருப்பாள். வீட்டில் குழந்தை என்று நான் ஒருத்திதான்.

அத்தைக்கு இருபத்தேழு வயது இருக்கும். தாமல் என்கிற ஊரில், கொஞ்சம் நிலமும் இரண்டு தறியும் இருந்த வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். கட்டியவர் இன்னொருத்தியைக் கூட்டிக்கொண்டு வந்த அன்றே கிளம்பி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். இரண்டு வயதுப் பையனை மட்டும் மாமனார் விடவில்லை. "ஆம்பளப் புள்ள எங்க வூட்டுது" என்று சொல்லிவிட்டாராம். அது நடந்து நாலு வருஷம். வீட்டில் யாரும் அதைப் பேச மாட்டார்கள். எனக்கு அந்தப் பையன் எப்போதோ காதில் விழுந்த ஒரு சேதி, அவ்வளவுதான்.

அத்தை என்னுடையவள். வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்து, சீயக்காய் கண்ணில் இறங்காமல் உள்ளங்கையை என் நெற்றியில் அணை போலப் பிடித்துத் தண்ணீர் ஊற்றுவது அவள்தான். நுங்கு வாங்கினால் மூன்று கண்ணில் பெரிய கண்ணைப் பெருவிரலால் தோண்டி என் வாயில்தான் போடுவாள். அம்மா அதைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். அம்மாவுக்கும் கொஞ்சம் எரிந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

எங்கள் தாத்தா பஸ் ஸ்டாண்டு பக்கம் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தவர். அவர் போனதும் கடையை மூடி, மிச்சமிருந்ததை எல்லாம் எங்கள் வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையில் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். வளைந்த ரிம், பல் தேய்ந்த பெடல், துருப்பிடித்த செயின், பிள்ளைகளுக்கு வாடகைக்கு விடுகிற அரை சைக்கிள் இரண்டு, ஒரு மருந்து பாட்டில் நிறைய இரும்புக் குண்டுகள். அத்தை அந்தக் கடையில் வளர்ந்தவள். பாவாடை கட்டிய வயதிலேயே பஞ்சர் ஒட்டுவாளாம்.

பங்குனி உத்திரம் முடிந்த வாரத்தில் ஒரு மத்தியானம், சுற்ற வேண்டிய இழையைச் சுற்றி முடித்துவிட்டு, கொட்டகைக்குள் போனாள். அரை சைக்கிள் ஒன்றை வெளியே இழுத்துப் போட்டு முன்சக்கரத்தைக் கழற்ற ஆரம்பித்தாள்.

"இன்னா பண்ற அத்தே?"

"சும்மாதான். கை சும்மா இருக்க மாட்டேங்குது."

மறுநாளும் போனாள். அதற்கடுத்த நாளும். உப்புத்தாளால் துருவைத் தேய்ப்பாள். இரும்புக் குண்டுகளைத் தட்டில் கொட்டி மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பழைய துணியில் ஒவ்வொன்றாகத் துடைத்து, கிரீஸில் பதித்து வைப்பாள். பின்பக்கத்துக்கு இரண்டு சின்னச் சக்கரம், முன்னால் ஒன்று. மூணு சக்கர வண்டி கட்டுகிறாள் என்று தெரிந்த அன்று எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எங்கள் தெருவில் அப்படி ஒரு வண்டி யாரிடமும் கிடையாது. தெருப் பிள்ளைகள் அத்தனை பேரிடமும் சொல்லிவிட்டேன்: "எங்க அத்தை எனக்கு வண்டி கட்டுது."

அப்பா தறியிலிருந்தே குரல் கொடுப்பார். "பொம்பள ஸ்பேனர் புடிச்சிக்கினு நிக்கிற வூடு வெளங்குமா? பொட்டப் புள்ளைக்கு எதுக்கு வண்டி?"

அத்தை துருவைத் தேய்த்துக்கொண்டே இருப்பாள். எனக்காகத் திட்டு வாங்குகிறாள் என்று நெஞ்சு பூரித்துப் போகும்.

பின்பக்க அச்சு வைத்துப் பற்றவைக்க, சட்டத்தை இடுப்பில் தூக்கிக்கொண்டு வெல்டிங் பட்டறைக்குப் போனோம். பட்டறைக்காரர் சிரித்தார். "இன்னாமா இது, கழுதையா குதிரையா?" அத்தை தரையில் கரித்துண்டால் படம் போட்டுக் காட்டினாள். செயின் ஒரு சக்கரத்தை மட்டும்தான் சுற்றும், அதனால் வண்டி இடது பக்கம் இழுக்கும் என்றார் அவர். "இழுக்கட்டும்ணே. ஓட்டுறவன் புடிச்சிக்குவான்" என்றாள். ஓட்டுறவன். அந்தச் சொல் என் காதில் விழுந்தது. ஆனால் நின்று யோசிக்கவில்லை.

ஒரு நாள் என்னை நிற்க வைத்து இடுப்பிலிருந்து பாதம் வரை நூல் பிடித்து அளந்தாள். பிறகு அந்த நூலில் நாலு விரற்கடையை மடித்துவிட்டு முடிச்சுப் போட்டாள். எதற்கு மடிக்கிறாள் என்று நான் கேட்கவில்லை. அரக்குச் சிவப்பு பெயிண்ட் அடித்தாள். கைப்பிடி இரண்டிலும் அறுந்த பட்டு இழைகளைக் குஞ்சம் கட்டினாள். பச்சையும் மஞ்சளும் கலந்து. எல்லாம் முடிந்து மணி பொருத்தும்போது, "வலப்பக்கம் வை அத்தே, அங்கதான் எனக்கு வசதி" என்றேன்.

கையிலிருந்த திருகாணியைப் பார்த்தபடியே சொன்னாள். "அவனுக்கு எடது கைதான் வாட்டம்."

"எவனுக்கு?"

அவள் நிமிர்ந்தாள். அப்போதுதான் என் முகத்தைச் சரியாகப் பார்த்தாள் என்று நினைக்கிறேன். "உனக்கு யாரும் சொல்லலியா கண்ணு? வைகாசி கருட சேவைக்குத் தம்பி வரான். பத்து நாள் இங்க வுடுறேன்னு தாமல் தாத்தா சொல்லியனுப்பிச்சிருக்காரு."

வயிறு காந்தியது. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அன்று சோறு இறங்கவில்லை. சூடு பிடித்துக்கொண்டது என்று அம்மா தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்தாள்.

அவன் வந்தான். ஆறு வயது, ஒல்லி, மொட்டைத் தலையில் அப்போதுதான் முளைத்த முடி. தாத்தாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றான். அத்தை குனிந்து இரண்டு கையையும் நீட்டினாள். அவன் தாத்தாவிடம், "இவங்க யாரு?" என்று கேட்டான். அத்தை நீட்டிய கையை மடக்கவே இல்லை. அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வயதான காலத்தில் பொய் சொல்வானேன், சந்தோஷமாகத்தான் இருந்தது.

தாத்தா கோயில் பக்கத்துச் சத்திரத்தில் தங்கிக்கொண்டு, தினம் காலையில் வந்து பையனைப் பார்த்துவிட்டுப் போனார். அந்தச் சந்தோஷம் எனக்கு அரை நாள் கூட நிற்கவில்லை. வண்டியைப் பார்த்ததும் அவன் தாத்தாவை மறந்தான். இரண்டாம் நாள் அத்தையை 'வண்டி அம்மா' என்றான். நாலாம் நாள் அதில் 'வண்டி' போய்விட்டது. 'அம்மா' மட்டும் நின்றது. முறைப்படி மாமன் மகளை அக்கா என்று கூப்பிடக் கூடாது. அவன் என்னை அக்கா என்றான். யாரும் திருத்தவில்லை.

நுங்கு வாங்கினார்கள். பெரிய கண் அவன் வாய்க்குப் போனது. அத்தை ஓரக்கண்ணைத் தோண்டி என் பக்கம் நீட்டினாள். "எனக்கு வேணாம்" என்றேன். "வேணாமா? சரி" என்று அதையும் அவனுக்கே ஊட்டினாள். ஏன் வேண்டாம் என்று கேட்பாள் என்று காத்திருந்தேன். தூங்கும்போது அத்தைக்கும் எனக்கும் நடுவில் அவன் கிடந்தான். தெருவில் அவன் வண்டி மிதிக்க, என் பெருமையைக் கேட்ட அதே பிள்ளைகள் பின்னால் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். "உங்க அத்தை உனக்குக் கட்டுதுன்னியே?" என்று ஒருத்தி கேட்டாள்.

கருட சேவைக்கு இரண்டு நாள் இருந்தது. அத்தை, முதலாளி வீட்டில் பட்டு நூல் வாங்கிவரப் போயிருந்தாள். தாத்தா வந்தார். நான்தான் சொம்பில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"புள்ள எப்பிடிமா இருக்கான்? ஊட்ட தேடுறானா?"

"இல்ல தாத்தா. அவன் இனிமே இங்கதான் இருப்பான். அத்தை எங்க ஸ்கூல்ல கூட கேட்டுட்டு வந்துடுச்சி."

அத்தை எந்தப் பள்ளிக்கூடத்திலும் கேட்கவில்லை. இரண்டு நாளைக்கு முன்பு என் தலையை வாரிக்கொண்டே, "ஆறு வயசுப் புள்ளைய உங்க ஸ்கூல்ல எந்த மாசம் சேப்பாங்க?" என்று என்னிடம் கேட்டாள். அவ்வளவுதான். அதை நான் எடுத்து, வளர்த்து, அவர் கையில் கொடுத்தேன்.

அவர் தண்ணீரைக் குடிக்காமல் சொம்பைக் கீழே வைத்தார். நேராகத் தெருவுக்குப் போனார். வண்டியில் உட்கார்ந்திருந்த பையனை அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார். அவன் கைப்பிடியை விடவில்லை. வண்டியும் கூடவே எழும்பியது. பிறகு குஞ்சம் பிய்ந்து அவன் கையோடு வந்தது, வண்டி சாய்ந்து விழுந்தது. அப்பா தறிக்குழியிலிருந்து ஏறி வாசலுக்கு வருவதற்குள் அவர்கள் தெருமுனையைத் தாண்டிவிட்டார்கள்.

அத்தை வந்து, விஷயம் தெரிந்து, பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினாள். பஸ் போய்விட்டிருந்தது. திரும்பி வந்தவளிடம் அப்பா கத்தினார். "அப்பவே சொன்னனே! பொம்பள தெருவுல குந்திக்கினு வண்டி ரிப்பேரு பண்றத பாத்தா எவன் புள்ளைய வுடுவான்? மானம் போவுதுன்னு இட்டுக்கினு போய்ட்டாரு."

அம்மாவும் அதைத்தான் நம்பினாள். தெருவும் அதைத்தான் நம்பியது. எல்லோரும் வண்டியின் மேல் பழியைப் போட்டார்கள். நான் வாய் திறக்கவில்லை.

சாயங்காலம் அத்தை என்னைப் பார்க்காமல் சொன்னாள். "நீ ஓட்டுமா. சும்மாதான கெடக்குது."

ஏறி உட்கார்ந்தேன். முழங்கால் கைப்பிடியில் இடித்தது. காலை அகட்டி வைத்துக்கொண்டு வாசலிலிருந்து பக்கத்து வீடு வரை மிதித்தேன். இடது பக்கமாகவே இழுத்து சாக்கடை ஓரத்தில் போய் நின்றது. இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தேன்.

மறுநாள் விடிந்ததும் அத்தை வண்டியைக் கழுவித் துடைத்து, பிய்ந்த பக்கத்துக்குப் புதுக் குஞ்சம் கட்டிக்கொண்டிருந்தாள். தாமலுக்கே கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன் என்றாள். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்மாதான், "தனியா போவாத. பொண்ண இட்டுக்கினு போ" என்றாள். பஸ் ஸ்டாண்டில் திருவிழாக் கூட்டம். அந்த நெரிசலில் வண்டியை மேலே ஏற்ற எந்தக் கண்டக்டரும் சம்மதிக்கவில்லை. நடந்தோம். ஏழெட்டு மைல்.

ஊர் முழுக்கக் கருட சேவைக்குக் காஞ்சிபுரத்தை நோக்கி வந்துகொண்டிருந்தது. மாட்டு வண்டிகள், தலையில் மூட்டை வைத்த குடும்பங்கள், தோளில் குழந்தைகள். நாங்கள் இரண்டு பேர் மட்டும் எதிர்த்திசையில். அத்தை கயிற்றால் வண்டியை இழுத்தாள், நான் பின்னால் தள்ளினேன். "அத்த கூட தொணைக்குப் போறியா? பொறுப்பான பொண்ணு" என்று ஒரு அம்மாள் என் கன்னத்தைத் தடவினாள். அந்தக் கை பட்ட இடம் எரிந்தது.

ஒரு புளியமரத்தடியில் நின்றபோது சொல்லிவிட்டேன். "அத்தே, நான்தான் தாத்தாகிட்ட சொன்னேன்."

"இன்னா சொன்ன?"

சொன்னேன். இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள். சொன்ன வார்த்தையை அப்படியே சொல்லச் சொன்னாள். கேட்டுவிட்டு, வண்டிக் கயிற்றைக் கையில் சுற்ற ஆரம்பித்தாள். அடிப்பாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"கேக்கணும்னுதான் இருந்தேன்" என்றாள். "ஸ்கூல்ல. நாளைக்குப் போலாம், நாளைக்குப் போலாம்னு இருந்தேன்."

பிறகு கயிற்றை என் கையில் வைத்துவிட்டு முன்னால் நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு மைல் இருக்கும், அந்த இரும்பை நான் தனியாக இழுத்தேன். உள்ளங்கை உரிந்துவிட்டது. ஒரு பம்ப்செட்டில் அவள் தண்ணீர் குடித்தாள். நான் வந்து சேர்வதற்குள் கிளம்பிவிட்டாள். தாமல் ஏரிக்கரை தெரிகிற இடத்தில் நின்று எனக்காகக் காத்திருந்தாள். கயிற்றை வாங்கிக்கொண்டு, முந்தானையால் என் மூக்கைச் சிந்தித் துடைத்தாள். "அங்க நீ எதுவும் பேசாத" என்றாள். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த தண்டனை.

தாத்தா வாசலிலேயே மறித்தார். "வண்டிய வெச்சிட்டுக் கெளம்பு."

"ஒரு தரம் அவன் ஓட்டுறத பாத்துட்டுப் போயிடுறேன் மாமா."

"ஒண்ணும் வேணாம்."

உள்ளேயிருந்து, இடுப்பில் கைக்குழந்தையோடு ஒருத்தி வந்தாள். அத்தையின் இடத்துக்கு வந்தவள் அவள்தான் என்று சொல்லாமலே தெரிந்தது. அவள் பையனைக் கையில் பிடித்து இழுத்து வந்து வண்டியில் உட்கார வைத்தாள். "ஓட்டிட்டுப் போவட்டும் மாமா. நேத்துலேந்து சோறு துண்ணாம கெடக்குறான்" என்றாள். கிழவர் தோள் துண்டை உதறிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஏரிக்கரையில் ஓட்டினான். கோடையில் ஏரிக்குள் தண்ணீர் இல்லை. அடியில் வெடித்த சேறு. கரை உயரம். வண்டி இடது பக்கமாக, அந்தச் சரிவைப் பார்த்தே இழுத்தது. அத்தை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சரிவின் விளிம்போடு கூடவே ஓடினாள், ஒரு கையை நீட்டிக்கொண்டு. "வலப்பக்கம் புடிடா! இறுக்கிப் புடிடா!" அவன் சிரித்துக்கொண்டே மிதித்தான். அவளும் சிரித்தாள். என்னோடு இருந்த நாலு வருஷத்தில் அவள் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததில்லை. உரிந்த உள்ளங்கையைப் பாவாடையில் அழுத்திக்கொண்டு நின்றேன்.

கிளம்பும்போது அந்தப் பெண் தாத்தாவுக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னாள். "ஏன்க்கா, இது ரிப்பேரு ஆனா எங்கூருல எவனுக்குத் தெரியும்? கட்டுனவங்கதான வந்து பாக்கணும்?"

அதற்குப் பிறகு அந்த வண்டி மாதம் தவறாமல் கெட்டது. ஒரு மாதம் பெடல், ஒரு மாதம் செயின். யாராவது ஒருவரிடம் சொல்லியனுப்புவார்கள். அத்தை ஸ்பேனரைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு முதல் பஸ்ஸில் போய் கடைசி பஸ்ஸில் வருவாள். என்னைக் கூப்பிட்டதில்லை. "இன்னா மட்டமான வண்டிய கட்னியோ" என்பார் அப்பா. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. நாலைந்து வருஷம் கழித்து அவனே சொன்னான். "நல்லாதான்கா ஓடிச்சி. சித்திதான் மாசாமாசம் நட்ட லூசு பண்ணிட்டு, அம்மாவ வரச் சொல்லுங்கன்னு தாத்தாகிட்ட போய் நிப்பாங்க."

வண்டி என்ன ஆனது என்று தெரியவில்லை. அவன் வளர்ந்ததும் அவன் தம்பி ஓட்டினான் என்றார்கள். பிறகு அதன் பின்சக்கரம் ஒன்று அவர்கள் மாட்டுக்கொட்டகைக் கதவின் அடியில் உருளையாக இருந்ததாம். நான் பார்க்கவில்லை.

அவன் வெளியூரில் வேலைக்குப் போனான், அங்கேயே குடும்பம் ஆனது. அத்தை கடைசி ஒன்பது வருஷம் என் வீட்டில்தான் இருந்தாள். மகன் கூப்பிட்டும் போகவில்லை. தெரிந்த தெரு, தெரிந்த கோயில் என்றாள். அவளுக்குத் தலைக்கு எண்ணெய் தேய்த்தது நான். நெற்றியில் உள்ளங்கையை அணை வைத்துத் தண்ணீர் ஊற்றியது நான். கடைசி மூன்று மாதம் ஒரு குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டதும் நான்தான். அவள் போன அன்று அவன் வந்து இறங்கியதும் வாசலில் இருந்த பெண்கள், "புள்ள வந்துட்டான், இனி கொறை இல்ல" என்றார்கள். கொள்ளிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு அவன் முன்னால் போனான். நான் தெருமுனை வரைதான் போகலாம். அறுபத்து மூன்று வயதில், தலை நரைத்து, அந்தத் தெருமுனையில் நின்று எரிந்தேன். அழுகை என்று நினைத்து யாரோ என் தோளைப் பிடித்துக்கொண்டார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு, அவன் கூடத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். நான் இலைகளை எடுத்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, அன்னிக்கி தாத்தாகிட்ட ஸ்கூல் விஷயத்த சொன்னது நீங்கதான?"

எடுத்த இலையைத் திரும்ப வைத்தேன். "உனக்கு யாரு சொன்னது?"

"அம்மாதான். சின்ன வயசுலயே சொல்லியிருக்காங்க, வண்டிய ரிப்பேரு பண்ணிக்கினு. 'அக்காவுக்கு என் மேல அம்மாம் ஆசைடா, உன்ன பாத்துப் பொறாம தாங்கல, பாவம்'னு சொல்லிச் சிரிப்பாங்க. ரோட்டுல உங்கள வுட்டுட்டு முன்னால நடந்தாங்களாமே, அத சொல்லும்போது மட்டும் அழுவாங்க."

அவன் ஆறுதலாகத்தான் சொன்னான். அவனுக்கு என் மேல் ஒரு வருத்தமும் இல்லை. எனக்கும் அதைக் கேட்டு மனம் ஆறியிருக்க வேண்டும். ஆனால் அந்தப் புளியமரத்தடியில் நடந்தது எனக்கும் அவளுக்கும் மட்டும் தெரிந்தது என்று ஐம்பது வருஷத்துக்கு மேல் வைத்திருந்தேன். அவளிடம் எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான். அதையும் அவள் எப்போதோ அவனுக்குக் கொடுத்துவிட்டிருந்தாள்.